பதினோராம் தொட்டியின் உபயம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் தேதி புதன்கிழமை பிற்பகலில் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் தொடங்கிய மழை, வெள்ளிக்கிழமை காலைவரை விடவில்லை. அம்மழையின் இரண்டாம் நாளில், நீலா மேன்ஷன் என்னும் ஆறு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத் தோட்டத்திலிருந்து நீர் இறங்கி, நேர்கீழே இருந்த ராமலிங்கத்தின் அரவை மில்லுக்குள் கொட்டியது. கொட்டிய இடத்துக்கு மேலே இருந்தது பதினோராம் தொட்டி. அத்தொட்டியில் நின்றது ஒரு பெலிம்பிங் மரம். நான்காம் மாடியில் வசிக்கும் வேலாயுதமும் அவர் மனைவி சந்திரமதியும், இறந்துபோன தங்கள் மகன் கபிலனின் பெயரில் செய்திருந்த உபயம் அது.

நான் அவர்களுக்கு எதிர்வீட்டுக்காரி. இதில் எதையும் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை.

நீலா மேன்ஷன் தனியார் கட்டடம். கீழே கடைகள், மேலே வீடுகள். அரசு கட்டிய வீடமைப்புப் பேட்டைகளைப் பராமரிக்க நகர மன்றம் இருப்பதுபோல் எங்களுக்கு யாருமில்லை. கூரை ஒழுகினாலும் குழாய் வெடித்தாலும் உரிமையாளர்களே கூடிச் செலவிட வேண்டும். கடைகளின் கூரையாக விரிந்து கிடந்த இரண்டாம் தளம் முன்பு வெறும் சிமெண்ட் வெளி. வெயில் நாளில் அதன் அனல் ஆறாம் மாடிவரை ஏறும். மழை நாளில் அதில் விழும் நீர் முழுவதும் ஒரே வீச்சில் பின்சந்துக்கு இறங்கிக் கடைகளுக்குள் நுழையும். அங்கே மண் கொட்டி மரம் வைத்தால் சூடும் தணியும், நீரும் நின்று மெதுவாக இறங்கும் என்று 2018இல் ஒரு யோசனை வந்தது. அத்தகைய தோட்டங்களுக்கு அரசுத் திட்டம் ஒன்று பாதிச் செலவை ஏற்றது. மறுபாதியை யார் ஏற்பது என்பதில் ஐந்து மாதம் சண்டை நடந்தது. நிழல் வீட்டுக்காரர்களுக்குத்தானே என்றனர் கடைக்காரர்கள். வெள்ளம் கடைக்குள்தானே என்றனர் வீட்டுக்காரர்கள்.

அச்சண்டையை முடித்தவர் வேலாயுதம். கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டட நிர்வாகக் குழுவின் செயலாளர். இருபது ஆண்டுகளாகக் கோயிலில் திருவிழா உபயங்களைப் பிரித்துக் கொடுத்து வந்தவர். ஒரு நாள் பூசையை ஒரு குடும்பம் ஏற்பதுபோல், ஒரு தொட்டியை ஒரு குடும்பம் ஏற்கட்டுமே என்றார். மரமும் மண்ணும் அவர்கள் செலவு. தொட்டியில் அவர்கள் சொல்லும் பெயர். ஒரே வாரத்தில் பதினெட்டுத் தொட்டிகளுக்கும் ஆள் கிடைத்தது. ஐந்தாம் மாடிச் சீனக் குடும்பம்கூடத் தம் தாயார் பெயரில், வாசனை இலைக்காக வளர்க்கும் பாண்டான் செடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டது. உபயம் என்றால் வழிவழியாக வருவது என்பதால், "உபயக்காரர் சம்மதமின்றி எந்தத் தொட்டியும் எடுக்கப்படாது" என்னும் வாசகத்தையும் வேலாயுதமே தீர்மானத்தில் சேர்த்தார். கூட்டம் கைதட்டியது.

கபிலன் அவ்வாண்டு மார்ச் மாதம் இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தான். இருபத்து மூன்று வயது. மருந்து ஏறிய கடைசி மாதங்களில் அவன் நாக்குக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. புளிப்பு மட்டும் தெரிந்தது. கீழ்வீட்டு ஆஸ்மா ஜோகூரில் உள்ள தன் அக்காள் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெலிம்பிங் காய்களை, மிளகாயும் உப்பும் தொட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தின்பான். விரல் நீளத்தில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் அந்தப் புளிப்புக் காயின் மரத்தையே சந்திரமதி கேட்டு வாங்கினாள். உபயமும் அவள் பெயரில்தான் பதிவானது.

மரம் நன்றாக வளர்ந்தது. அதன் நிழல் லிஃப்டுக்குப் பக்கத்தில் விழுந்ததால், பிள்ளைகள் அங்கே கூடினர். தொட்டியில் இருந்த பெயர் இடத்துக்குப் பெயராயிற்று. "கபிலன்கிட்ட வெய்ட் பண்றேன் லா" என்று மலாய்ப் பிள்ளை கத்தும். "எட்டு மணி, கபிலன், டோன்ட் பி லேட்" என்று சீனப் பிள்ளை பதில் கத்தும். பொட்டலம் கொண்டுவருபவனிடம் ஆஸ்மா தொலைபேசியில், "கபிலன் பக்கத்துல வெச்சிடுங்க தம்பி" என்பாள். சந்திரமதியின் சமையலறைச் சன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். மாலையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கையில் அவள் மகனை ஊரார் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மழையின் இரண்டாம் நாள் பகலில் நான் அவள் வீட்டில் இருந்தேன். காற்றில் உதிர்ந்த காய்களைக் கூடை நிறையப் பொறுக்கி வந்திருந்தாள். வெயில் இல்லாததால் உப்பில் ஊறவைத்து உலர்த்த வழியில்லை. தொக்காகக் கிளறிவிடலாம் என்று அரிந்துகொண்டிருந்தாள். ஆஸ்மா நோன்போடு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் தனியா எடுத்து வைங்க. விடிகாலை சஹருக்கு அசம் பெடாஸ் மீன்குழம்பு வெக்கணும். எங்க வீட்டுக்காரர் அந்தக் காய் இல்லாட்டி மீனையே முறைச்சுப் பாக்குறார்."

"நோன்பு வெச்சுக்கிட்டுப் புளிப்பைப் பேசாதே. வாயில தண்ணி ஊறும்."

"ஊறட்டும் லா. முழுங்காம நிக்கிறேன்."

அப்பொழுதுதான் ராமலிங்கம் படியேறி வந்தார். முழங்கால்வரை கால்சட்டை நனைந்து செந்நிறமாக இருந்தது.

"அண்ணே! மேல என்ன நடக்குதுன்னு தெரியல. கீழ எனக்கு மிளகாய்த் தண்ணி ஆறா ஓடுது!"

வேலாயுதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பின்சந்துத் தண்ணி உள்ள வந்துடுச்சா?"

"சந்துல சொட்டுத் தண்ணி இல்லண்ணே. தோட்டம் வந்ததுலேருந்து சந்து வெள்ளம் நின்னுபோச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். இது கூரையிலேருந்து. பெரிய மிஷின் மேல நேரா. சுவிட்ச் போர்டுல சொட்டுது. மெயினை ஆஃப் பண்ணிட்டேன். கல்யாண வீட்டு மசாலா பாதி அரைச்சு நிக்குது. மீதியைத் தேக்கா பக்கம் எவன்கிட்டயாவது கொண்டுபோய் அரைக்கணும். அவன் என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பான்."

"கூரையில எந்த இடம்? சரியாச் சொல்லு."

"லிஃப்டுலேருந்து பத்து எட்டு. தூணுக்கு இந்தப் பக்கம்."

சந்திரமதியின் கத்தி நின்றது. "அதுக்கு மேல எந்தத் தொட்டிங்க?"

"பாக்கணும்," என்றார் வேலாயுதம். அத்தோட்டத்தின் ஒவ்வொரு தொட்டியும் அவருக்கு மனப்பாடம். அவர் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

சனிக்கிழமை அர்ஃபான் என்னும் கூரை ஒப்பந்தக்காரர் வந்து பதினோராம் தொட்டியின் ஓரத்தில் மண்ணைத் தோண்டினார். மண்ணுக்கு அடியில் நீர் இறங்காமலிருக்கத் தார் பூசிய கறுப்புப் படலம் ஒன்று விரித்திருந்தது. அதை வேர் கிழித்திருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவியவர் எழுந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அங்கிள், இது பேட்ச் போடுற கேஸ் இல்ல. இந்த மரம் மட்டும்னு நினைக்காதீங்க. பக்கத்துத் தொட்டியிலயும் பாத்தேன், ஷீட்டு அப்பளம் மாதிரி உடையுது. அதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு. எல்லா மண்ணையும் எடுத்துட்டுத் தளம் முழுக்கப் புதுசா வாட்டர்ப்ரூஃபிங் போடணும்."

"மரத்தை எடுத்து வெச்சுட்டுத் திரும்ப நடலாமா?" என்று கேட்டாள் சந்திரமதி.

"சின்னச் செடின்னா தூக்கலாம் ஆண்டி. இதோட வேரு ஷீட்டுக்குள்ள பின்னிக்கிடக்கு. அறுத்துத்தான் எடுக்கணும். அறுத்தா நிக்காது. நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அன்று மாலையிலிருந்து வேலாயுதம் புதுப் படலத்துக்குப் பணம் கேட்டுக் கதவு கதவாக ஏறி இறங்கினார். கட்டடத்தின் சேமநிதி முந்திய ஆண்டு லிஃப்ட் மாற்றியதில் கரைந்திருந்தது. அரசுத் திட்டம் புதிய பசுமைக்குத்தான் கொடுக்கும். பழையதன் பழுதுக்குக் கொடுக்காது. எஞ்சியிருந்தவர்கள் உபயக்காரர்கள். கோயிலில் அபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் ஆள் வரிசையில் நிற்பார்கள். சாக்கடைக்கு எவரும் வருவதில்லை. அதைக் கோயிலின் பொதுநிதி பார்த்துக்கொள்ளும். இங்கே தோட்டத்துக்கென்று ஒரு பொதுநிதி இல்லை என்பதை வேலாயுதம் 2018இல் எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான மனிதர் அதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆறாம் மாடிக்காரர் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "மரத்துக்குன்னா இப்பவே தர்றேன் சார். இன்னொரு மரம் வைங்க, ரெண்டு மரம் வைங்க. தாருக்கு எப்படி சார் உபயம் பண்றது? எங்கம்மா திதியில ஐயர்கிட்ட என்ன சொல்லுவேன், அம்மா பேர்ல தார் ஊத்தினேன்னா?"

"மரம் நிக்கிறதே அது மேலதானே."

"அது சரி சார். ஆனா யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

மற்றொருவர், தம் தொட்டி ஒழுகவில்லையே என்றார். இன்னொருவர், ஒழுகும் தொட்டிக்காரர்தான் பொறுப்பு என்று சொல்லத் தொடங்கி, எதிரே நிற்பவர் யார் என்பது நினைவுக்கு வந்து, "டீ குடிக்கிறீங்களா சார்?" என்று முடித்தார்.

குழுத் தலைவர் சுந்தரேசன் வேறு வழி கண்டுபிடித்தார். குளிர்சாதனக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்று, தான் நகரத்துப் பசுமைக்கு உதவுவதாகக் காட்டிக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தது. படலத்தின் செலவு முழுவதையும் அது ஏற்கும். பத்து ஆண்டுப் பராமரிப்பையும் ஏற்கும். பதிலுக்கு, தளம் முழுவதும் ஒரே சீராக, ஆழ வேர் விடாத தரைப்பூண்டு பரப்பப்படும். மரம் கூடாது. பெயர் என்று ஒன்று இருந்தால் அது நிறுவனத்தின் பெயராகவே இருக்கும். அவர்களுடைய வழக்கறிஞர் பழைய தீர்மானத்தைப் படித்துவிட்டு, உபயக்காரர் அனைவரின் சம்மதத்தையும் எழுத்தில் கேட்டார்.

மற்ற பதினேழு தொட்டிக்காரரும் நான்கு நாளில் சம்மதித்தனர். மரத்துக்குப் பணம் தர முன்வந்த ஆறாம் மாடிக்காரர்தான் முதலில் கையெழுத்திட்டார். இவை யாவும் நடந்தபோது சந்திரமதிக்கு நிறுவனம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வேலாயுதம் சொல்லவில்லை.

மார்ச் 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மகள் இனியா தெம்பனிஸிலிருந்து வந்தாள். என்னையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். பெலிம்பிங் போட்ட மீன்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். சாப்பாட்டின் நடுவே வேலாயுதம் நிறுவனத்தின் செய்தியை முழுவதுமாக, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார். கூட்ட அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. சந்திரமதி அவர் முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"சொல்லிட்டாங்க."

"அப்ப நான் ஒருத்திதான் மிச்சம்."

"சந்திரா, ராமலிங்கம் மில்லு பத்து நாளா மூடிக்கிடக்கு. பெரிய மழை இன்னொண்ணு வந்தா..."

"எனக்குத் தெரியாம எத்தனை வீடு ஏறி இறங்குனீங்க? நாலு நாளா சாயங்காலம் சாயங்காலம் சட்டை மாத்திக்கிட்டுப் போனீங்களே. கோயிலுக்குப் போறீங்கன்னு நெனச்சேன். எம்புள்ள மரத்த வெட்டக் கையெழுத்து வாங்கவா போனீங்க?"

"ம்மா, ப்ளீஸ்," என்றாள் இனியா. "அப்பா மட்டும் என்ன பண்ணுவார்? ஃபண்டிங் இல்லம்மா. நோபடி வாண்ட்ஸ் டு பே. நான் வேணா நாலு விதை எடுத்துட்டுப் போறேன். எங்க காரிடார்ல பெரிய ஜாடி வெக்கலாம். அது வளரட்டும்."

"வளரும். தெம்பனிஸ்ல அது வெறும் பெலிம்பிங்குடி. யாராச்சும் பேர் சொல்லுவாங்களா?"

"நாம சொல்லுவோம்மா."

"யாரு, நாமவா?" சந்திரமதி கணவரைப் பார்த்தாள். "உங்கப்பாவைக் கேளு. ஏழு வருஷமாச்சு. பையன்னு சொல்லுவாரு, அவன்னு சொல்லுவாரு. ஹாஸ்பிடல் பில்லைக் கட்டிட்டு வந்தாரு, அன்னையோட பேரை விட்டுட்டாரு. இந்த வீட்டுல அந்தப் பேரு இல்ல. சன்னலுக்கு வெளியில யாரு பெத்ததோ, சீனப் புள்ளையும் மலாய்ப் புள்ளையும் சொல்லுது. அதைக் கேட்டுக்கிட்டுத்தான் நான் சோறு பொங்குறேன். அதையும் கம்பெனிக்குக் குடுத்துருவோமா?"

வேலாயுதம் தட்டிலேயே கைகழுவினார். அந்த வீட்டில் அவ்வாறு எவரும் செய்து நான் பார்த்ததில்லை. எழுந்து படுக்கையறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். இனியா குழம்புச் சட்டியை மூடினாள். பிறகு திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

அடுத்த மூன்று நாளும் அவ்வீட்டில் இருவரும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. ஹரி ராயாப் பெருநாளுக்கு ஆஸ்மா கொடுத்த ரெண்டாங் இறைச்சியும் குவே பலகாரமும் மேசையில் மூடியபடியே இருந்தன. புதன்கிழமை காலையில் சந்திரமதி என் கதவைத் தட்டினாள்.

"பெரியக்கா, கூட வரீங்களா? மில்லு வரைக்கும்."

மில்லின் இரும்புக்கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே மின்சாரம் இல்லாததால் மின்விசிறி ஓடவில்லை. தெருவிலிருந்து வந்த வெளிச்சம்தான். பெரிய இயந்திரத்தின்மேல் நீல நிறத் தார்ப்பாய் கட்டி, அதன் ஒரு மூலையிலிருந்து வாளிக்கு நீர் வடிய விட்டிருந்தார்கள். மழை நின்று பன்னிரண்டு நாளாகியும் மண் தன்னிடம் பிடித்துவைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது. அரிசிமாவு வாசனை போய்ப் பூஞ்சை வாசனை வந்திருந்தது. வேலையாட்கள் இருவர் சாக்கின்மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தனர். எங்களைக் கண்டதும் ராமலிங்கம் எழுந்து, ஒரே ஒரு நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார்.

"வாங்கக்கா. அரிசி அரைக்க வந்தீங்களா? ரெண்டு தெரு தள்ளி ஒருத்தன் அரைக்கிறான். கரகரன்னுதான் இருக்கும். நம்ம மாவு மாதிரி வராது."

"அரைக்க வரல தம்பி. பாக்க வந்தேன்."

"என்னத்தப் பாக்குறது? வாளிய மாத்துறதுதான் இப்ப நம்ம தொழிலு." அவர் சிரிக்க முயன்றார். "இவனுங்களப் பாருங்க, சம்பளத்தோட லீவு. முதலாளி மட்டும் நின்னுக்கிட்டு இருக்கேன்."

வேலையாட்களில் ஒருவன், "அண்ணே, வாளி மாத்துறது நாங்கதாண்ணே," என்றான்.

சந்திரமதி அண்ணாந்து பார்த்தாள். சிமெண்ட் கூரையில் நீர் ஊறிய கறை பெரிய வட்டமாகப் படர்ந்திருந்தது. அதன் நடுவில் ஒரு விரிசல். விரிசலில் நூல் நூலாகத் தொங்கிய ஏதோ ஒன்று.

"அது என்ன?"

அவள் என்னை எழுப்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அறுபத்து நான்கு வயது, தடுக்கப் போனேன், கேட்கவில்லை. கையை உயர்த்தித் தொட்டாள். வேர்தான்.

நெடுநேரம் அதைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.

"தம்பி, நீ ஏன் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல?"

"எப்படிக்கா கேக்குறது? அந்தப் புள்ளைக்கு எண்ணெய் தேச்சுவிட்டிருக்கேன், இந்தக் கடை வாசல்ல வெச்சு. மரத்த வெட்டுங்கன்னு என் வாயால வராது. ஜூரோங்கு பக்கம் ஒரு இடம் சொல்லியிருக்காங்க. மிஷினை அங்க கொண்டுபோயிடலாம்னு இருக்கேன். நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

"ஜூரோங்குல யாரு வருவா உன்கிட்ட?"

"யாராவது வருவாங்க லா."

அவள் இறங்கி, நாற்காலியை முந்தானையால் துடைத்தாள். திரும்பும் வழியில் லிஃப்டுக்குள் என்னிடம் சொன்னாள்: "பெரியக்கா, மரம் தண்ணி தேடிக் கீழ போயிருக்கு. நான் சன்னல்லேருந்து மேல மட்டும் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்." அன்று மாலை கையெழுத்திட்டாள். பேனாவை மேசையில் வைத்தபின் கணவரிடம் ஒன்று மட்டும் கேட்டாள்: "தேதி போடணுமா?"

"போடணும்," என்றார் அவர்.

ஏப்ரல் 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் உரிமையாளர் சிறப்புக் கூட்டம் நடைபெற்றது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நிறுவனத்திலிருந்து வர்ஷா என்னும் இளம்பெண் வந்து புதிய தோட்டத்தின் படத்தைத் திரையில் காட்டினாள். பச்சைக் கம்பளம்போல் இருந்தது. நல்ல பெண், பேச்சிலும் பணிவு இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுந்தரேசன் ஒழுங்குப்படி, முடிவுக்கு வரும் உபயங்களைச் செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார். வேலாயுதம் எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். முதலாம் தொட்டி, நந்தியாவட்டை, இன்னார் நினைவாக. இரண்டாம் தொட்டி, எலுமிச்சை, இன்னார் திருமண நாளுக்காக. குரல் தெளிவாக இருந்தது. பாண்டான் தொட்டியின் சீனப் பெயரைக்கூடப் பிழையின்றி உச்சரித்தார். பத்தாம் தொட்டி முடிந்தது.

"பதினோராம் தொட்டி. பெலிம்பிங். எங்க வீட்டு உபயம்."

நிறுத்தினார்.

"பேர் சொல்லுங்க மிஸ்டர் வேலாயுதம்," என்றார் சுந்தரேசன் மெதுவாக. "ரெக்கார்டுக்கு."

வேலாயுதம் வாயைத் திறந்தார். ஒலி வரவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார், மறுபடியும் முயன்றார். முன்வரிசையில் இருந்த சந்திரமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பவளைப்போல் இருந்தாள். ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கபிலன் லா," என்றாள் ஆஸ்மா பின்வரிசையிலிருந்து, கரகரத்த குரலில். "எழுதிக்குங்க. கபிலன்."

சுந்தரேசன் எழுதிக்கொண்டார். வேலாயுதம் பன்னிரண்டாம் தொட்டிக்குச் சென்றார்.

வாசித்து முடித்ததும், செயலாளர் என்ற முறையில் ஒரு தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். பதினெட்டுப் பெயர்களையும் ஒரு பொதுப்பலகையில் பொறித்து லிஃப்ட் முன்கூடத்தில் வைக்க வேண்டும் என்பது தீர்மானம். நிறுவனம் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

வர்ஷா சந்திரமதியின் பக்கம் குனிந்தாள். "ஆண்டி, செலவை நாங்களே ஏத்துக்கிறோம். ஸ்டீல்ல, நல்ல லெட்டரிங்ல. வி ரியலி வாண்ட் டு ஹானர் ஹிம்."

"உனக்கு நல்ல மனசும்மா," என்றாள் சந்திரமதி. "ஆனா பலகையில போட்டா, லிஃப்டு வர்ற வரைக்கும் படிப்பாங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிடாத பேரை அங்க மாட்டி வெச்சு, நான் தெனம் அதைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போகணுமா? வேணாம்மா. அவன் பேரு மட்டும் அதுல வேணாம்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வேணும்னா வைங்க. நீங்க படிச்சுக்கலாம்."

வேலாயுதம் கையிலிருந்த தாளை மடித்தார். பிறகு, "தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்," என்று கூறி உட்கார்ந்தார். சந்திரமதிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவர் போய் உட்கார்ந்தது அதற்கு அடுத்த நாற்காலியில்.

கூட்டத்தின் முடிவுகள் பின்வருமாறு. நிறுவனத்தின் நிதி பத்து ஆண்டுக்கு ஏற்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை. பதினெட்டு உபயங்களும் அன்றோடு முடிவுற்றன. மரங்களை ஏப்ரல் 21ஆம் தேதி திங்கட்கிழமை முதல் அகற்றுவது என்றும், மண் எடுத்தபின் தளம் முழுவதும் புதிய நீர்த்தடுப்புப் படலம் இடுவது என்றும் முடிவாயிற்று. அரவை மில்லுக்கு ஏற்பட்ட சேதத்தைக் காப்புறுதியின் மூலம் ஈடுசெய்யக் குழு முயலும். பொதுப்பலகைத் தீர்மானம், முன்மொழிந்தவரே திரும்பப் பெற்றுக்கொண்டதால், வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. புதிய தோட்டம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படும். அவை ஏ, பி, சி, டி என்று அழைக்கப்படும்.